வாழைத்தண்டுக் கை

"நெசமா அடிபட்டவன் கத்த மாட்டான்டா. அவன் மொதல்ல..."

எங்கள் பெரியப்பா சொல்வது இது. மொதல்ல என்ன செய்வான் என்பதுதான் எனக்கு மறந்து போச்சு. தண்ணி கேட்பான் என்றாரா, சாமியைக் கூப்பிடுவான் என்றாரா, எவ்வளவு யோசித்தும் வரவில்லை. பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அல்ஜீரியாவில் சண்டை பார்த்தவர். ரெண்டு கிளாஸ் உள்ளே போனால்தான் அந்தப் பேச்சை எடுப்பார். எடுத்தாலும் பாதியில் தூங்கிவிடுவார். புதுச்சேரியில் எங்களைப் போன்ற வீடுகளில் சரித்திரத்தை இப்படிப் பாதி பாதியாகத்தான் கேட்டோம்.

நீங்க அந்த நாற்காலியில் உட்காராதீங்க, ஒரு கால் ஆடும். இதிலே உட்காருங்க. காப்பியை நீங்களே எடுத்துக்கணும். எனக்கு வலது கையில் டம்ளர் நிற்காது. பார்ப்பதற்கு அஞ்சு விரலும் இருக்கு. ஆனால் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. போன மாசம் தோசைக்கல்லில் சுண்டு விரலை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது.

எழிலரசி, இல்லையா? சென்னையிலிருந்து வர்றீங்க. தணிகாசலம் எடுத்த படத்தை உங்கள் கம்பெனி வாங்கியிருக்கு. பிரான்சில் இந்த மாதிரி ரத்தப் படங்களுக்கென்றே நடக்கிற ஒரு விழாவுக்கு அனுப்பப் போறீங்க. படத்தில் பாதி உரிமை என் பேரில் இருப்பதால் என் கையெழுத்து இல்லாமல் அது எங்கேயும் போகாது. சரியா? போட மாட்டேன் என்று தணிகாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அதனால் நீங்க வந்திருக்கீங்க. அவன் வரவில்லை. அதைக் கவனிச்சுக்குங்க, அவன் வரவில்லை.

காகிதத்தை மேசைமேல் வைங்க. அந்தப் பூட்டை எடுத்து மேலே வைங்க, காற்றுக்குப் பறந்துவிடும். முதலில் நான் சொல்வதைக் கேளுங்க.

தணிகாவும் நானும் முத்தியால்பேட்டையில் ஒரே தெரு. நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், அவன் தமிழ்ப் பள்ளிக்கூடம். காலையில் அந்த இலக்கணம், சாயங்காலம் அவனோடு உட்கார்ந்து இந்த இலக்கணம். எனக்குத் தமிழ் எழுத வந்தது அவனால்தான், அதை நான் மறுக்க மாட்டேன்.

பன்னிரண்டு வயசு இருக்கும். பெரிய லீவு. தெருவில் ஒரு வீட்டில் வீடியோ டெக் இருந்தது. பெரியவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த மத்தியானம், ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டு எவனோ ஒரு கேசட்டைப் போட்டான். எந்த நாட்டுப் படமோ, என்ன மொழியோ. ஒருத்தன் ஒரு வீட்டில் இருக்கிறவர்களை ஒவ்வொருத்தராக வெட்டுகிறான், கதை அவ்வளவுதான். பத்தாவது நிமிசத்தில் நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். தணிகா என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான்.

"டேய், பாருடா. கைக்குப் பின்னாடி டியூப் தெரியுது பாரு."

பார்த்தேன். தெரிந்தது. சைக்கிள் டியூப் மாதிரி கறுப்பாக ஒன்று, சட்டைக் கைக்குள்ளே போகிறது, அதிலிருந்துதான் ரத்தம் பீறிட்டு வருகிறது. அதோடு பயம் போச்சு என்று சொல்ல மாட்டேன். பயமும் இருந்தது, டியூபும் தெரிந்தது. ரெண்டும் சேர்ந்து வயிற்றில் ஒரு குறுகுறுப்பு. முப்பத்தாறு வருசமாக அந்தக் குறுகுறுப்புக்காகத்தான் பார்க்கிறேன்.

வந்ததும் கேட்டீங்களே, இந்த மாதிரிப் படங்களில் என்ன இருக்கு என்று. உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியுது, உங்களுக்குப் பிடிக்காது, வேலைக்காகப் பார்க்கறீங்க. தப்பில்லை. பெரிய செலவில் எடுக்கிற படத்தில் ரத்தத்தைக் கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். அது யார் சட்டையிலும் படாது. தரையில் விழாது. நம் படங்களில் அப்படி இல்லை. இந்தக் காட்சியில் சுவரெல்லாம் ரத்தம், அடுத்த காட்சியில் சுவர் சுத்தமாக இருக்கும். நடுவில் யாரோ ஒருத்தர் வாளியும் துணியும் எடுத்துத் துடைத்திருக்கிறார், எல்லாரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள், வெயில் திரும்புவதற்குள் வந்து தொடர்ந்திருக்கிறார்கள். படம் முழுக்க யாரோ உழைத்த கை தெரிகிறது. எனக்கு அது ஒரு மரியாதை. ஏமாத்தறேன், ஆனால் எப்படி ஏமாத்தறேன் என்றும் காட்டறேன் என்று சொல்கிற மாதிரி.

குறை இல்லையா என்றால், குறைதான் அதிகம். கதை கிடையாது. பொம்பளைப் பிள்ளைகளை வெட்டுவதற்காகவே கூட்டிக்கொண்டு வருவார்கள், அதுகளுக்கு ஒரு ஊர் பேர் இருக்காது. முப்பது பேர் செத்தால் ஒருத்தன் வீட்டு வாசலிலாவது சாமியானா போட வேண்டாமா? போட மாட்டார்கள். ஒரு அம்மா வந்து அழ மாட்டாள். மூன்றாவது கொலைக்கு மேல் கொட்டாவி வரும். கொட்டாவி வருவது எடுக்கிறவனுக்கும் தெரியும், அதனால் நாலாவதில் இன்னும் ஒரு அங்குலம் உள்ளே போவான். அடுத்த படத்தில் இன்னொரு அங்குலம். அந்த அங்குலம்தான் இந்த வகைப் படத்துக்குப் பிடித்த சீக்கு. இதை நான் இன்றைக்குச் சொல்லவில்லை. தணிகாவுக்கு எத்தனையோ கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.

பத்தொன்பது வயசில் பிரான்சுக்குப் போனேன். பாரிசுக்கு வடக்கே ஒரு ஊர், அங்கே ஒரு ஆஸ்பத்திரியின் துணி துவைக்கிற இடத்தில் வேலை. இருபத்தாறு வருசம். ஆப்பரேசன் துணிகள் மூட்டை மூட்டையாக வரும். யார் ரத்தம், பிழைத்தாரா இல்லையா, ஒன்றும் தெரியாது. முதல்நாள் ரத்தம் எப்படி இருக்கும், மூன்றாம் நாள் எப்படிச் செங்கல் நிறமாகும், வெந்நீரில் போட்டால் எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரிந்த மாதிரி டாக்டருக்குக்கூடத் தெரியாது. பகலெல்லாம் நிஜத்தைத் துவைத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து பொய்யான ரத்தம் பார்ப்பேன். மார்கரெத்துக்கு, என் மனைவிக்கு, இது பிடிக்காது. ஒரு தடவை அவள் வெங்காயம் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டாள். நான் கையைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, "பாத்தியா, எவனும் இந்த நிறத்தைக் கொண்டுவர மாட்டேங்கறான்" என்றேனாம். இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுவாள். நான் துணியும் கட்டிவிட்டேன், அதை அவள் சொல்வதில்லை.

தணிகா இங்கேயே இருந்தான். ஜெராக்ஸ் கடை. கல்யாண வீடியோ எடுப்பான், அந்தக் காமிராவையே வைத்துச் சின்னச் சின்னதாகப் படம் எடுப்பான், எனக்கு அனுப்புவான். அஞ்சு நிமிசம், பத்து நிமிசம். ரத்தத்துக்கு ரோஸ்மில்க் எசன்ஸைத் தண்ணீரில் கலக்குவான். நான் பார்த்துவிட்டு எழுதுவேன்: தணிகா, ரத்தம் இப்படி ஓடாது. கெட்டியாக இருக்கணும், நாட்டுச்சர்க்கரைப் பாகு காய்ச்சு, கொஞ்சம் காப்பித்தூள் போடு. தணிகா, வெட்டுப்பட்டவன் விரல் அசையணும். நிஜம் மாதிரி இல்லைடா. எல்லாக் கடிதத்திலும் கடைசி வரி அதுதான், நிஜம் மாதிரி இல்லை. நண்பன் என்றால் குறை சொல்லத்தானே வேண்டும்.

இப்போது ஒரு விசயம் சொல்லணும். இது உங்களுக்குச் சின்ன விசயமாகத் தெரியும். எனக்கு இதுதான் எல்லாமே.

நீங்களும் சின்ன வயசில் தெருவில் விளையாடியிருப்பீங்க. கள்ளன் போலீஸ், ஓடிப்பிடிக்கிறது. நடுவில் கால் இடறிவிட்டது, செருப்பு அறுந்துவிட்டது, அம்மா கூப்பிட்டாள் என்றால் "தூ ஜூட்" என்போமே. சொல்லிவிட்டால் யாரும் தொடக்கூடாது. எங்கள் தெருவில் சொல்லும்போது இடது கையைத் தலையில் வைத்துக்கொள்ளணும். கை தலையில் இருக்கிறவரைக்கும் அவன் ஆட்டத்தில் இல்லை. ஒரு தடவை எங்களைவிடப் பெரிய பையன் ஒருத்தன், கையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றவனைத் தொட்டு "அவுட்" என்றான். லீவு முழுக்க அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு மாசம். அவன் தினமும் வந்து சுவரோரம் நிற்பான், யாரும் பேச மாட்டோம். அந்தத் தண்டனையைச் சொன்னது யார் தெரியுமா? தணிகா. பத்து வயசில், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஜட்ஜ் மாதிரி சொன்னான்.

பிரான்சில் என் வீட்டுக்குக் கீழே ஒரு பூங்கா. போன புதிதில் ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் ஓடுகிறார்கள், ஒரு குட்டிப்பெண் சட்டென்று நின்று கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு "பூஸ்" என்றது. துரத்தி வந்தவன் ஒரு முழத் தூரத்தில் அப்படியே நின்றுவிட்டான். அந்தப் பெண் சாவகாசமாக சூ லேசைக் கட்டியது. பூஸ் என்றால் கட்டை விரல் என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆனால் அங்கே பிறந்த ஒவ்வொருத்தரும், கிழவர் வரைக்கும், அந்தச் சொல்லைச் சொல்லி வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அன்றைக்கே தணிகாவுக்கு போன் போட்டேன். "இங்கேயும் தூ ஜூட் இருக்குடா" என்றேன். அவன் சிரித்தான். "அப்போ அங்கே உன்னால இருந்துக்க முடியும்" என்றான். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பல வருசம் ஓட்டினேன்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால் திரும்பி வந்துவிட்டேன். மகள் படிப்பு முடிகிறவரைக்கும் மார்கரெத் அங்கே. நான் வந்து இறங்கின வாரத்திலேயே தணிகா கதையோடு வந்தான். முழு நீளப் படம், ஒன்றரை மணி நேரம். தேங்காய்த்திட்டுப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு ஐஸ் பேக்டரி, அதில் முகமூடி போட்ட ஒரு கசாப்புக்காரன், வழி தவறி வருகிறவர்களை வெட்டுகிறான். கதையைக் கேட்காதீங்க, கதை இல்லை. கசாப்புக்காரனாக நடிக்க நிஜமான கறிக்கடைக்காரர் ஒருத்தரையே பிடித்திருந்தான், பெருமாள் என்று. மணிக்கட்டு பழகியிருக்கும், நடிக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்றான். நான் பணமும் போட்டேன், வெட்டுப்படுகிறவனாகவும் நடித்தேன். நாற்பத்தாறு வயசில் வாழ்க்கை ஆரம்பிக்கிற மாதிரி இருந்தது.

முதல் நாளே நாங்கள் ரெண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டோம். இந்தப் படத்தில் எல்லாரும் ஐயோ, விடு, செத்தேன் என்று கத்திக்கொண்டே இருப்பார்கள். நிஜமாக ஏதாவது ஆகிவிட்டால் எப்படித் தெரியும்? நான்தான் சொன்னேன், தூ ஜூட் சொல்லணும், இடது கையைத் தலையில் வைக்கணும். தணிகா என் தோளில் கை போட்டு, "அது சொல்லிட்டா காமிரா என்ன, பூமியே நின்னுடும்" என்றான். இப்படியே சொன்னான்.

என் கையை வெட்டுகிற காட்சி. காலை பதினோரு மணி, கூரை ஓட்டைகள் வழியாக நல்ல வெளிச்சம். கையை வாழைத்தண்டில் செய்திருந்தான். கேலி இல்லை, அற்புதமாகச் செய்திருந்தான். தண்டுக்குள் ஒரு டியூப், மேலே கோழித்தோல், அதன்மேல் மைதாப் பசை, என் கையிலிருந்தே வெட்டின முடியை ஒட்டியிருந்தான். வாழைத்தண்டை வெட்டினால் வருகிற சத்தம் இருக்கே, அந்தச் சத்தத்துக்கு எந்த ஊர் ஸ்டுடியோவும் கிட்டே வர முடியாது. என் நிஜக் கை மேசைக்கு அடியில் மறைந்திருக்கும். தண்டின் முனையில் பஞ்சு அடைத்த கையுறை. நான் பார்த்தேன். மற்றதெல்லாம் சரி, கையுறை செத்துக் கிடந்தது. விரல் அசையணும்டா என்றேன். அசைந்தால்தான் நம்புவார்கள். அவன் வேண்டாம் என்று கொஞ்சம் முனகினான், ஆனால் மேசையில் இன்னொரு ஓட்டை போட்டுக் கொடுத்தான். முழங்கை முதல் ஓட்டையில் இறங்கி, மணிக்கட்டு ரெண்டாவது ஓட்டையில் மேலே வரும். நடுவில் வாழைத்தண்டு. அதைத்தான் பெருமாள் வெட்டணும். பார்த்தால் என் கைதான். நானே பயந்துவிட்டேன்.

முதல் வெட்டு தண்டில் சரியாக விழுந்தது. பாகு பீறிட்டது, அவ்வளவு அழகு. கெட்டிப் பாகு, பெருமாள் கையெல்லாம் பிசுபிசு என்று ஆகிவிட்டது. ரெண்டாவது வெட்டில் கத்திப் பிடி வழுக்கியது.

வலி உடனே வரவில்லை. நான் என் விரல்களைப் பார்த்தேன். நிறத்தைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. இருபத்தாறு வருசம் துவைத்தவனுக்குத் தெரியாதா? கையை இழுக்க முடியவில்லை, மணிக்கட்டு ஓட்டையில் மாட்டிக்கொண்டிருந்தது. இடது கையைத் தலையில் வைத்தேன். தூ ஜூட் என்றேன். தணிகாவைப் பார்த்துத்தான் சொன்னேன். அவன் காமிராவுக்குப் பின்னால், எட்டடி தூரம். அவன் ஒரு கண் காமிராவில். இன்னொரு கண் திறந்திருந்தது, அந்தக் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் நிறுத்தவில்லை.

நிறுத்தியது பெருமாள். கறிக்கடைக்காரர். அந்த மனுசனுக்கு எங்கள் தெரு விளையாட்டெல்லாம் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. முகமூடிக்குள்ளிருந்து என் கையைக் குனிந்து பார்த்தார், கத்தியைக் கீழே போட்டார், மேசைப் பலகையைத் தன் காலாலேயே உடைத்தார். தன் வண்டியில் என்னை முன்னால் உட்காரவைத்து, ஒரு கையால் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம், "சார், ஆட்டுக்குக்கூட இப்படிப் பண்ணதில்லை சார், என்னை மன்னிச்சுக்குங்க" என்று அழுதுகொண்டே வந்தார். தையல் போட்ட நர்ஸ் அவர் சட்டையில் இருந்த பாகைப் பார்த்து, இவருக்கு எங்கே அடி என்று தேடினாள்.

தணிகா மூன்று மணிக்கு வந்தான். என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். கையும் காலும் ஓடலைடா, காமிராவை நிறுத்தணும்னே தோணலை, நீ சொன்னது என் காதுல விழலை என்றான். அதையெல்லாம் அழிச்சுட்டேன், எங்கம்மா மேல சத்தியம் என்றான். நான் அவனைத் தேற்றினேன். பாருங்க, ஒரு கையில் கட்டுப் போட்டுக்கொண்டு இன்னொரு கையால் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். மார்கரெத் போனில், "விரல் அசையணும்னு கேட்டது யாரு?" என்று கேட்டாள். அது வேறே விசயம் என்று வைத்துவிட்டேன். வேறே விசயம்தானே?

எட்டு மாசம் கழித்துப் படம் முடிந்தது. இங்கே ஒரு சின்ன அரங்கத்தில் போட்டுக் காட்டினான், எண்பது பேர் இருக்கும், பாதிப் பேர் காலேஜ் பிள்ளைகள். என்னைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தான். நாற்பதாவது நிமிசத்தில் மேசை வந்தது. பெருமாள் வந்தார். முதல் வெட்டு. சரி, இதோடு வேறெங்காவது போய்விடும் என்று நினைத்தேன்.

போகவில்லை. ரெண்டாவது வெட்டும் வந்தது. என் முகம் வந்தது. இருபத்துமூன்று வினாடி, நான் அப்புறம் எண்ணினேன். கையைத் தலையில் வைத்துக்கொண்டு வாயை அசைக்கிறேன். வாயிலிருந்து வேறே சத்தம் வருகிறது. டப்பிங். "ஆ... ஆ..." என்று ஏதோ ஒரு அலறல்.

அரங்கம் சிரித்தது. எண்பது பேரும். அதுவரைக்கும் வாழைத்தண்டுக்கும் பஞ்சுக்கும் முகத்தை மூடிக்கொண்டிருந்த பிள்ளைகள், என் நிஜ விரலுக்குச் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் ஒரு பெண், "ஐயே, இவருக்கு நடிக்கவே வரலை, கையை வெட்டினா தலையில கை வைக்கறாரு பாரு" என்றாள். அவள் நண்பன், "படத்துலயே இந்த ரத்தம்தான் டுபாக்கூர்" என்றான்.

நான் தணிகாவைப் பார்த்தேன். அவன் திரையைப் பார்க்கவில்லை, ஜனங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கே சிரிக்கிறார்கள், எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று.

வெளியே வந்து கேட்டேன். கத்தவில்லை. படியில் நின்றுகொண்டு சும்மா கேட்டேன்.

"அழிச்சுட்டேன்னு சொன்னியே?"

"அழிக்கத்தான் போனேன். மனசு வரலை. நிஜம் மாதிரி இல்லை, நிஜம் மாதிரி இல்லைன்னு இருபது வருசமா நீதானே உயிரை எடுத்தே. நிஜமாவே ஒண்ணு கெடைச்சுது. அதுக்கும் சிரிக்கறானுங்க. நான் இன்னாடா பண்ணுவேன்?"

"நான் தூ ஜூட் சொன்னேன்."

"கேக்கலைடா. சத்தியமா கேக்கலை."

"அந்த இடத்துக்கு டப்பிங் பேசினது யாரு?"

மேல் படியில் யாரோ அவனுக்குக் கை கொடுக்க வந்தார்கள், கொடுத்தான். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"நான்தான்."

எழிலரசி, உங்களுக்கு இந்தத் தொழில் தெரியும். டப்பிங் பேசுகிறவன் என்ன செய்வான்? திரையில் இருக்கிறவன் வாயைப் பார்த்துப் பார்த்துத்தானே பேசணும்? ஒரு தடவையில் பொருந்துமா? அந்த இருபத்துமூன்று வினாடியைத் திரும்பத் திரும்பப் போட்டு, பத்துத் தடவை, இருபது தடவை, என் உதட்டைப் பார்த்திருக்கிறான். அந்த உதடு என்ன சொல்கிறது என்று அவனுக்குத் தெரியாதா? அவன் பிறந்ததிலிருந்து பார்த்த உதடு. கை தலையில் இருக்கு. அது மேலே தன் குரலைப் போட்டு மூடியிருக்கிறான். அன்றைக்குக் காமிராவுக்குப் பின்னால் கை கால் ஓடவில்லை என்றால் நான் நம்புவேன். யாருக்கும் நடக்கும். டப்பிங் அறையில் என்ன ஓடவில்லை?

அதோடு நான் அவனிடம் பேசுவதில்லை. மூன்று வாரமாச்சு. ரெண்டு தடவை தெருமுனையில் வந்து நின்றான். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

அதுவும் இல்லாமல், எனக்கு ஒன்று புரியவே இல்லை. அந்த நிறம் சரியான நிறம். நான் சொல்கிறேனே, அதைவிடச் சரியான நிறம் கிடையாது. அதைப் போய் எப்படி டுபாக்கூர் என்று சொல்லலாம்?

சரி, விடுங்க.

நீங்க என்ன சொல்றீங்க? அந்த இடத்தை வெட்டி எடுத்துடலாமா? விழாக்காரர்கள் அது இல்லாமலும் எடுத்துக்கொள்வார்களா? ம். வெட்டி எடுத்தால் நான் அங்கே இல்லவே இல்லை என்றாகிவிடும். தணிகாவுக்கு அதைவிட நிம்மதி ஏது?

என்ன இருக்கு? அன்றைக்குப் படம் எடுத்தபோது பதிவான சத்தமா? தணிகா உங்களுக்குக் கொடுத்த ஹார்ட் டிஸ்க்கில் எல்லாமே இருக்கா? அழிக்கவில்லையா, அதையும்? உங்கள் போனிலேயே இருக்கா? போடுங்க. பரவாயில்லை, போடுங்க. கொஞ்சம் சத்தமாக வைங்க.

இது மேசை நகர்த்துகிற சத்தம். இது பெருமாள் இருமறது. இது நான். "விரல் அசையணும்டா, அசைஞ்சாதான் நம்புவாங்க." சரி, அது ஆரம்பத்தில், அதைத் தள்ளுங்க. இன்னும் தள்ளுங்க. இது முதல் வெட்டு. கேட்டீங்களா, வாழைத்தண்டு. இது ரெண்டாவது.

இது நான்.

"தணிகா. தணிகா. தூ ஜூட். தணிகா, தூ ஜூட்."

கத்தவே இல்லை, பார்த்தீங்களா. பக்கத்தில் இருக்கிறவனிடம் ஏதோ கேட்கிற மாதிரி. இது அவன். "பெருமாள், நிறுத்தாதீங்க, காமிரா போவுது, போவுது." இது கத்தி கீழே விழறது. நிறுத்துங்க, போதும்.

கூட இருக்கிறவன் பேரைச் சொல்லுவான். அதுதான். பெரியப்பா சொன்னது அதுதான். நெசமா அடிபட்டவன் கத்த மாட்டான்டா, மொதல்ல கூட இருக்கிறவன் பேரைச் சொல்லுவான்.

காப்பி ஆறிப்போச்சு. வேறே போடச் சொல்லவா? வேண்டாமா?

எழுதிக்குங்க. அந்த இருபத்துமூன்று வினாடியும் அப்படியே இருக்கட்டும். அவன் டப்பிங்கை எடுத்துவிட்டு, இப்போது போட்டீங்களே, இதை வைங்க. அவன் குரலும் இருக்கட்டும், நிறுத்தாதீங்க என்று சொல்வது. பிரான்சில் காட்டும்போது கீழே பிரெஞ்சில் வசனம் போடுவீங்க இல்லையா, அந்த ஒரு இடத்துக்கு வேறே யாரும் எழுத வேண்டாம், நான் சொல்கிறேன். "தணிகா" என்கிற இடத்தில் அவன் பேரை அப்படியே போடுங்க. "தூ ஜூட்" என்கிற இடத்தில் "பூஸ்" என்று போடுங்க.

இதைக் காகிதத்தில் சேர்த்துக்கொண்டு வாங்க. சேர்த்தால் கையெழுத்துப் போடறேன்.